பந்தலூர் கடைவீதியில் பாதியைக் காணோம்!

ஒரு சின்னக் கற்பனை. கூடலூரிலிருந்து சேரம்பாடி போகிற வழியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பந்தலூர். அந்தக் கடைவீதியிலேயே வளர்ந்த ஒரு பெரியவரிடம், ‘கூடலூர் பக்கம் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, என்னென்ன கடைகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள்’ என்று கேட்கிறீர்கள். வலதுபக்கக் கடைகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார். இடதுபக்கம்? மூச்! ‘சரி, இப்போது சேரம்பாடி பக்கம் திரும்புங்கள்’ என்கிறீர்கள். சற்றுமுன் விட்டுப்போன கடைகளெல்லாம் இப்போது வரிசையாக வருகின்றன. முதலில் சொன்னவை அவுட்!

பெரியவர்தான் கற்பனை. விஷயம் நிஜம். இத்தாலியின் மிலன் நகரத்தில் பிசியாக், லுஸ்ஸாட்டி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மூளை பாதிக்கப்பட்ட இருவரிடம் அங்குள்ள கதீட்ரல் சதுக்கத்தை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். 1978-ல் வெளியான அந்தக் கட்டுரையில் இதே பதில்தான். ஆக, ஞாபகம் பத்திரமாக இருக்கிறது. தொலைந்தது ‘இடதுபக்கம்’ என்கிற சங்கதியே!

உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கையை வையுங்கள். அதற்கு அடியில் இருப்பது பரைட்டல் கார்டெக்ஸ். அதன் முன்பட்டை தொடு உணர்ச்சிக்கு. மிச்சப் பகுதி கண், காது, தோல் தருகிற தகவல்களைச் சேர்த்து, ‘நான் இங்கே, டம்ளர் அங்கே’ என்று ஓயாமல் வரைபடம் போடுகிறது. கொழுந்து பறிக்கிற பெண்ணின் விரல் சரியான தளிரில் போய் நிற்பதும் இதன் கைங்கரியம்தான். வலதுபக்க பரைட்டல் அடிபட்டால், பலருக்கு இடது உலகம் கவனத்திலிருந்தே நழுவிவிடும். பார்வையில் கோளாறு இல்லாவிட்டாலும், தட்டில் வலதுபாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். (பி.காம். படித்தவனுக்கு இப்படித் தோன்றுகிறது: பேரேட்டில் இடதுபக்கம் பற்று, வலதுபக்கம் வரவு. இவர்களுக்கு வரவு மட்டும்தான் கண்ணில் படும்!)

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான்டியாகோவில் ஆராய்ச்சி செய்த நம்ம ஊர் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், ‘இடது உலகத்தைக் கண்ணாடியில் காட்டினால்?’ என்று யோசித்தார். நோயாளியின் வலதுபக்கம் ஒரு கண்ணாடி. இடதுபக்கம் ஒருவர் பேனாவை நீட்டுகிறார். ‘இது கண்ணாடி’ என்று நோயாளிக்கே தெரியும். பேனாவை எடுக்கச் சொன்னால், கை கண்ணாடியில் போய் முட்டுகிறது. சிலர் அதன் பின்னால் துழாவுகிறார்கள்! 1997-ல் வெளியான ஆய்வு இது.

இதில் பயமுறுத்துகிற விஷயம் வேறு. பக்கவாதத்தில் இடது கை விழுந்திருக்கும். அது விழுந்ததே சிலருக்குத் தெரியாது. 1914-லேயே பாபின்ஸ்கி என்ற ஃபிரெஞ்சு டாக்டர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். வலியும் பெரும்பாலும் இருக்காது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போகவே மலைப்பாதையில் மணிக்கணக்காகும். ‘எனக்கு ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்’ என்று பெரியவர் சத்தியமே செய்வார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அவரை அலாக்காகத் தூக்கி ஜீப்பில் ஏற்றவேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.