பூனையும் நாயும் எதிர்நின்ற கல்

இணங்காத இருவரைக் கண்டால், ‘நாயும் பூனையும்போல’ என்று நம்மவர் கூறுவர். இப்பழம் பகைக்கும் வரலாற்றில் இடமுண்டா என்று மாணவர் சிலர் என்னை வினவியதுண்டு. உண்டு என்பதற்குக் கல்லே சான்று. அக்கல்லைப் பற்றியே இன்று பேசக் கருதினேன்.

முதற்கண், இவ்விரு விலங்குகளும் மனிதனை அடுத்த வகையை நோக்குவோம். நாயே மூத்த துணை. உழவறியாது வேட்டையாடித் திரிந்த நாளிலேயே அது மனிதனோடு கூடிவிட்டது. ஜெர்மனியில் ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டு கண்ட புதைகுழியில் மனிதரோடு நாயின் எலும்பும் கிடைத்தது. அதன் பழமை ஏறத்தாழ 14,000 ஆண்டு. பூனையோ பிந்தி வந்தது. உழவு தோன்றவே களஞ்சியம் எழுந்தது. களஞ்சியத்தை எலி நாடியது. எலியைப் பூனை நாடியது. சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனுக்கு அருகே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முன் புதைக்கப்பெற்ற பூனையைக் கண்ட செய்தியைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2004-இல் வெளியிட்டனர். ஒன்று வேட்டைக் காட்டின் வழியாகவும், மற்றொன்று நெற்கூடு போன்ற தானியக் கிடங்கின் வழியாகவும் வந்து, ஒரே வீட்டு வாயிலில் எதிர்ப்பட்டன.

அவ்வெதிர்ப்பாட்டைக் காட்டும் கல் ஏதென்ஸ் நகரில் உள்ளது. கி.மு. 510-ஐ ஒட்டிச் செதுக்கப்பெற்ற சலவைக்கற் பீடம் அது. கல்லறை மீது நிறுத்திய சிலையைத் தாங்கியது. ஒரு முழத்துக்கும் குறைந்த உயரமே உடையது. அதன் மூன்று பக்கங்களில் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. ஒன்றில் மற்போர், ஒன்றில் பந்தாட்டம், மூன்றாவதில் நம் கதை. இளைஞர் இருவர் எதிரெதிரே அமர்ந்துள்ளனர். ஒருவன் கையில் நாயின் கயிறு. மற்றவன் கையில் பூனையின் கயிறு. கோலூன்றிய இருவர் பின்னின்று பார்க்கின்றனர். நாய் முன்னுடலைத் தாழ்த்திப் பாயும் நிலையில் உள்ளது. பூனையோ முதுகை வில்லென வளைத்து எதிர்நிற்கின்றது, பின்வாங்கவில்லை.

அக்காலத்துக் கிரேக்கர்க்குப் பூனை அரியதொரு விலங்கு. எலி பிடிக்கக் கீரியை ஒத்த சிறு விலங்கையே அவர்கள் வளர்த்தனர். பூனைக்குப் பெயர்பெற்ற நாடு எகிப்து. அங்கே வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் புருவத்தையும், நாய் இறந்தால் உடல் முழுவதையும் மழித்துக்கொள்வர் என ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அரிய விலங்கு நாயெதிரே என் செய்யும் எனக் காணும் ஆவலே அவ்விளைஞரை அங்கே கூட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

பூனை அங்ஙனம் நிற்பதன் காரணம் யாது? நாயைக் கண்டு அஞ்சிய பூனையின் படத்தை டார்வின் 1872-இல் வெளியிட்ட நூலில் காணலாம். மயிரைச் சிலிர்த்து முதுகை உயர்த்துவது, தன்னைப் பெரிதாகக் காட்டிப் பகையை அஞ்சுவிக்கவே என்பது அவர் கொள்கை. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நிற்பதைக் கண்டால் அது தயங்கும். நான் பணிபுரிந்த பள்ளியின் மதிய உணவுக் கிடங்கில் பூனை ஒன்று இருந்தது. தெருநாய்கள் வந்தால் அது வாயிற்படியில் நின்று சீறும். நாய்கள் குரைத்துவிட்டு அகலும். அதுவே ஓடத் தலைப்பட்ட நாளில், புளியமரம்வரை துரத்தின.

இனி, அக்கல் நமக்குக் கிடைத்த வரலாற்றைக் கேளுங்கள். கி.மு. 480-இல் பாரசீகர் ஏதென்ஸ் நகரைக் கைப்பற்றி எரித்தனர். அவர்கள் அகன்றபின், மதிலை மீண்டும் எழுப்பலாகாது என்றனர் ஸ்பார்ட்டர். தெமிஸ்டாக்ளிஸ் தூதராகச் சென்று அவர்களைப் பேச்சில் காலந்தாழ்த்த, ஆடவரும் பெண்டிரும் சிறாரும் கூடி இரவுபகலாக மதில் எழுப்பினர். எதிர்ப்பட்ட கல்லையெல்லாம் இட்டனர். கல்லறைக் கற்களும் அதில் சேர்ந்தன எனத் தூசிடைடிஸ் எழுதிவைத்தார். இறந்தாரைப் போற்றிய கல்லை இருப்பாரைக் காக்க இடுவது எளிய முடிவன்று. மகனுக்கு நட்ட கல்லைப் பெயர்க்கக் கண்ட பெற்றோரும் அந்நகரில் இருந்திருப்பர். 1922-இல் அம்மதிலிலிருந்தே இப்பீடம் வெளிவந்தது. தூசிடைடிஸ் சொல் மெய்யென அது நிலைநாட்டிற்று. இன்று அந்நகரத் தேசியத் தொல்பொருட் காட்சியகத்தில் அது உள்ளது.

மாணவர்களே, நூல் கூறுவதைக் கல்லும் கூறும்போது வரலாறு உறுதிபெறுகின்றது. நம் ஊர்க் குளப்படியிலும் பழைய மதிலிலும் எழுத்துடைய கற்கள் தலைகீழாகப் பதிந்து கிடத்தலைக் காணலாம். அவற்றின்மீது சுண்ணாம்பு பூசவோ, உடைக்கவோ விடாதீர்கள். அறிந்தாரை அழைத்துக் காட்டுங்கள். அவை அரசர் வென்ற போரை மட்டுமேயன்றி, ஒரு மாலைப்பொழுதில் இளைஞர் நால்வர் கண்டு மகிழ்ந்ததையும் சொல்லக்கூடும்.