ட்ரபான்ட் எஞ்சினில் எல்லை தாண்டியவர்

கிழக்கு ஜெர்மனியின் ட்ரபான்ட் காரைப் பற்றிப் பகிடிகள் ஏராளம். அந்தக் காரின் எஞ்சினைத்தான் செக்கோஸ்லோவாக்கியாவில் ஈவோ ஜ்டார்ஸ்கி என்ற இளைஞர், தானே செய்த அல்ட்ராலைட் விமானத்தில் பூட்டினார். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, காற்றிலேயே சூடு ஆறும். பாரம் குறைய வேண்டிய விமானத்துக்கு வேறென்ன வேண்டும்? மேலே முக்கோணத் துணிச்சிறகு, கீழே மூன்று சில்லு, பின்னுக்கு விசிறி. அவ்வளவுதான்.

1984 ஓகஸ்ட் மாத இரவொன்றில் எல்லை வேலிக்கு மேலால் பறந்து, நேரே வியன்னா விமான நிலையத்திலேயே இறங்கினார். ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்!

பிறகு அமெரிக்கா போய், சிறுவிமானங்களுக்கு விசிறி செய்யும் ஐவோபுரொப் கம்பெனியைத் தொடங்கினார். தப்பி வந்த விமானம் பெர்லினில், செக்பொயின்ட் சார்லி சுவர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.