முதுகுப் பக்கத்து ஒலி

சப்வூஃபர் என்றதும் எல்லோரும் பார்ப்பது அதன் முகத்தைத்தான்: பன்னிரண்டு அங்குலக் கறுப்புக் கூம்பு, சுற்றிலும் தடித்த ரப்பர் வளையம், நடுவே கம்பெனி முத்திரை. ஆனால் இந்தக் கருவியின் நூறாண்டுக் கதை நடந்ததெல்லாம் அதன் முதுகுப் பக்கத்தில். கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணம் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் கலந்தால் கணக்கு நேராகிவிடும். காதுக்கு ஒன்றும் மிஞ்சாது. கீச்சொலிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒலி கனக்கக் கனக்க அலை நீள்கிறது. நீண்ட அலை கூம்பின் ஓரத்தைச் சுற்றி வளைந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பின்பக்க அலையை என்ன செய்வது என்ற கேள்விதான் இந்தப் பொருளை ஆய்வுக்கூடத்திலிருந்து கார் டிக்கிவரை நடத்தி வந்தது.

பிறப்பு 1925இல். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர், காந்தத்தின் இடுக்கில் கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, அதோடு காகிதக் கூம்பை ஒட்டிப் பேசவைத்தார்கள். இன்றைய சப்வூஃபரின் உள்ளமைப்பும் அதுவே. பின்பக்க அலையை அவர்கள் பலகை வைத்துத் தடுத்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் தூரஸுக்கு அதை வீணாக்க மனமில்லை. பெட்டியில் துளை வைத்து, பின்னலையைத் திருப்பி முன்னலையோடு சேர்த்து ஒலிக்கச் செய்தார். 1932இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று கடையில் 'போர்ட் பாக்ஸ்' என்று கேட்டு வாங்குவது அந்தப் பெட்டியைத்தான்.

1954இல் எட்கர் வில்ச்சர் எதிர்த்திசையில் யோசித்தார். அதுவரை நல்ல கனத்த ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும். அவர் சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். கூம்பைத் தாங்கும் வளையத்தைத் தளரவிட்டார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் பிடி திரும்பி வருமே, அதுபோல உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங் ஆனது. தன் மாணவர் ஹென்றி குளோஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸில் அவர் விற்ற அந்தப் பெட்டியின் பெயர் ஏ.ஆர்.-1.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி? வெகுகாலம் அது கைப்பழக்கத்தையே நம்பியிருந்தது. 1961இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புப் பொறியாளர் நெவில் தீல் அதற்குக் கணக்கு எழுதினார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து முழுமையாக்கினார். ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று எண்கள் இருக்கும். கூம்பு தன்போக்கில் எந்த ஹெர்ட்ஸில் ஆடும், அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள் இருக்கும், அதன் ஸ்பிரிங்குக்கு ஈடான காற்று எத்தனை லிட்டர் என்பதுதான் அவை. அந்தத் தாள் வந்தபின், மரம் அறுக்கத் தெரிந்த எவரும் வீட்டு முற்றத்தில் பெட்டி செய்யலாம் என்றாயிற்று.

முற்றத்திலிருந்து காருக்கு அதிகத் தூரம் இல்லை. ஓக்லஹோமா மாநிலம் ஸ்டில்வாட்டரில் மேடைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஸ்பீக்கர் செய்துவந்த ஸ்டீவ் இர்பி, 1980இல் பிக்கப் வண்டிகளில் வைப்பதற்கென்றே ஒரு பெட்டியை 'கிக்கர்' என்ற பெயரில் இறக்கினார். அதே ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரத்தை வெளியிட்டது. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்க, 1983இல் உற்பத்தியே நின்றது. பழைய சாமானாக மலிந்த அந்த இயந்திரத்தைக் காசில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். அதன் 'கிக்' (பெரிய டிரம்) ஒலி ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் எழும். ஒரு குமிழைத் திருகினால் ரீங்காரமாய் நீண்டுகொண்டே போகும். மயாமியில் அதை வைத்து ஒரு பாட்டு வகையே கிளம்பியது: 'மயாமி பேஸ்'. சாதாரண கார் ஸ்பீக்கரில் போட்டால் அந்தப் பாட்டில் பாதி காணாமல் போகும். கேட்க ஆசைப்பட்டவர்கள் டிக்கியைத் திறந்து அளவெடுத்தார்கள்.

பெரிய அரங்கில் கிடைக்காத வசதி காரில் உண்டு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். காரின் உட்புற நீளம் அதில் பாதிகூட இல்லை. அலை விரிந்து ஓட இடமில்லாததால், கூம்பு தள்ளும்போது உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக அழுந்துகிறது. சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, கார் தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கூடத்தில் வைத்தால் சோகையாகக் கேட்கும் பெட்டி டிக்கியில் உறுமுவது இதனால்தான். காரும் ஒரு பெட்டிதான்; பெட்டிக்குள் பெட்டி.

செய்வதைக் கிட்டத்தில் பார்ப்போம். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்) பலகை. 12 அங்குலக் கூம்புக்கு மூடிய பெட்டி என்றால் உள்ளே ஏறத்தாழ 28 லிட்டர் போதும். போர்ட் வைத்தால் அதில் இரு மடங்கு வேண்டும். ஸ்பீக்கரின் காந்தம், குறுக்குச் சட்டம், போர்ட் குழாய் ஆகியவை அடைக்கும் இடத்தைக் கழித்துத்தான் லிட்டர் எண்ண வேண்டும். மூட்டுகளில் பசை, திருகு, உள்மூலைகளில் சிலிகோன். பசை காய்ந்து ஸ்பீக்கரையும் பூட்டியபின் கூம்பை விரல் நுனிகளால் மெல்ல அழுத்தி விட வேண்டும். நன்றாக மூடிய பெட்டியில் காற்று எதிர்த்து நிற்கும். கூம்பு நிதானமாகத் திரும்பும். சட்டென்று எழும்பினாலோ, எங்காவது 'உஸ்ஸ்' என்று கேட்டாலோ, சிலிகோன் குழாயை மறுபடி எடுக்க வேண்டியதுதான். போர்ட் பெட்டியில் ஆபத்து வேறு. போர்ட் எந்த ஹெர்ட்ஸுக்கு அமைந்ததோ, அதற்குக் கீழே போனால் கூம்பைத் தாங்கக் காற்று இருக்காது. அது கட்டறுந்து ஆடிக் கிழியும். அதனால், அந்த ஒலிகளை முன்னதாகவே வெட்டிவிடும் 'சப்சானிக்' வடிகட்டி ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) கட்டாயம்.

அடுத்தது மின்சாரம். கார் ஸ்டீரியோவின் முகப்பில் '50 வாட்ஸ்' என்று அச்சிட்டிருந்தாலும், நேராக 12 வோல்ட் பேட்டரியில் ஓடும்போது 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சீராகக் கிடைப்பது ஒவ்வொரு பக்கமும் 20 வாட் வாக்கில்தான். டிக்கி ஆம்ப் முதலில் அந்த வோல்ட்டை உயர்த்திக்கொண்டு பிறகே வேலையைத் தொடங்குகிறது. 1000 வாட் வேண்டுமென்றால், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் 'கிளாஸ் டி' ஆம்பும் உச்ச நேரத்தில் ஏறத்தாழ 90 ஆம்பியர் இழுக்கும். பல சிறு கார்களின் ஆல்டர்னேட்டர் மொத்தமே அவ்வளவுதான் கொடுக்கும். தாளம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குவது அதன் முறையீடு. பேட்டரியிலிருந்து டிக்கிவரை போகும் வயர் தடித்த செம்பாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால், உறை தேய்ந்து, செம்பு பாடியில் பட்டுத் தீப்பிடிக்கும். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, காரை. எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் முடுக்க வேண்டும்.

இவ்வளவு மின்சாரத்தில் ஒலியாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் சுருளில் சூடாகிறது. வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். கீழ் ஒலியோ இரக்கமில்லாத கடன்காரன்: 80 ஹெர்ட்ஸில் கேட்ட அதே சத்தம் 40 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால், கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணிநேரம் தாங்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில் நலக் கழகமான நியாஷ். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். சத்தப் போட்டிக்கென்றே கட்டிய கார்களில், ஓட்டுநர் வெளியே நின்று பொத்தானை அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்றுதான். ரைஸும் கெல்லாகும் செய்த சுருளும் காந்தமும் நூறாண்டில் தடித்திருக்கின்றன, அவ்வளவுதான். வில்ச்சரும் தீலும் ஸ்மாலும் மாற்றியது அதன் பின்னால் இருக்கும் காற்றை. அதனால், கையில் இருப்பது குறைந்த பணம் என்றால் ஆம்பில் ஒரு படி இறங்கலாம், பெட்டியில் இறங்கக் கூடாது. கணக்குப் பார்த்துச் செய்த பெட்டியில் 300 வாட் போதும். டிக்கிக்குக் கண்ணளவில் வெட்டிய பெட்டியில் 1000 வாட்டைக் கொட்டினாலும் அதிர்வது நம்பர் பிளேட்தான்.