திபெத்திய மடாலயங்களும் பயணிகளின் புகைப்படங்களும்

1905ஆம் ஆண்டு ஜனவரி மாத 'நாஷனல் ஜியோகிரஃபிக்' இதழில் 11 பக்கங்கள் நிரப்பப்படாது எஞ்சின. அவற்றை நிரப்ப வழிதேடிய ஆசிரியர் கில்பேட் குரோவ்னர், ரஷ்யப் பேரரசின் புவியியற் கழகம் அனுப்பியிருந்த லாசா நகரப் படங்களை அச்சேற்றினார். அந்நியர் புகமுடியாத நகரெனப் பெயர்பெற்ற லாசாவை அவ்விதழின் வாசகர் அன்றுதான் கண்டனர். படங்களை எடுத்தோர் ஐரோப்பியர் அல்லர். புரியாத்து இனத்தவரான சிபிகோவும் கல்மிக்கு இனத்தவரான நொர்சூனோவும் பௌத்த மரபிற் பிறந்தவர்கள். சிபிகோவ் 1900இல் யாத்திரிகராக லாசாவை அடைந்து அடுத்த ஆண்டுவரை அங்குத் தங்கினார். தாம் ஓர் ஆராய்ச்சியாளர் என்பதையும் தம்மிடம் புகைப்படக் கருவி உண்டென்பதையும் அவர் மறைக்க நேர்ந்தது. மடாலயங்களைத் தூரத்தேயிருந்து காட்டும் காட்சிகள் அப்படங்களில் மிகுந்திருப்பதற்கு இம்மறைவும் ஒரு காரணமாதல் கூடும்.

1904இல் யங்ஹஸ்பண்டின் தலைமையில் பிரித்தானியப் படை லாசாவுட் புகுந்தது. சிக்கிமில் அரசியல் அதிகாரியாகவிருந்த ஜோன் குளோட் வைற் அப்படையுடன் சென்று பெருந்தொகையான படங்களை எடுத்தார். படையொடு வந்தவர் கருவியை மறைக்கவேண்டியதில்லை. அவருடைய படங்களின் தெளிவைப் பாராட்டுவோர் அத்தெளிவு எவ்வாறு கிட்டியது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இக்காலப் படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமிடத்து ஒளியின் ஆட்சியை மறத்தலாகாது. துறவியர் கூடி ஓதும் மண்டபங்கள் வெண்ணெய் விளக்கொளியில் இருண்டு கிடப்பவை. அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்கு அவ்வொளி போதாது. ஆகவே கருவி முற்றத்திலேயே நின்றுவிட்டது. முற்றத்தில் நிகழ்ந்தவை தருக்க வாதமும், திருவிழாக் காலத்து 'சாம்' எனப்படும் முகமூடி நடனமும், நீண்ட ஊதுகொம்புகளின் முழக்கமும் ஆகும். அவற்றுள்ளும் நடனமே பயணிகளைப் பெரிதுங் கவர்ந்தது. மேனாட்டார் அதற்குப் 'பேயாட்டம்' என்று பெயரிட்டு உலகெங்கும் பரப்பினர். ஆண்டில் ஓரிரு முறை நிகழும் விழா மடாலயத்தின் அன்றாட வாழ்வாகத் தோன்றலாயிற்று. பல்லாண்டுகள் நூல்களை மனனஞ் செய்து தருக்கம் பயின்ற மாணவத் துறவியின் உழைப்பைக் காட்டும் படங்கள் அரியன. அது படத்துக்கு உகந்த காட்சியன்று எனப் பயணிகள் கருதினர் போலும்.

காட்சிக்காக அன்றி ஆய்வுக்காகக் கருவியைக் கொண்டுசென்றோரும் உளர். இத்தாலிய அறிஞர் துச்சி 1933இல் மேற்குத் திபெத்திலுள்ள பழைய குகே இராச்சியத்தின் தோலிங், சப்பராங் ஆகிய இடங்களை அடைந்தார். உடன்சென்ற கடற்படை மருத்துவர் கெர்சி அங்குள்ள ஆலயங்களைப் படமெடுத்தார். 1948இல் அதே சப்பராங்கை அடைந்தவர் பம்பாயிற் பிறந்த பார்சி ஓவியர் லீ கோதமி. அவருடைய கணவர் அநாகரிக கோவிந்தர் பிறப்பால் ஜேர்மனியர். 1928இல் இலங்கைக்கு வந்து தொடந்துவைத் தீவுத் தபோவனத்தில் வாழ்ந்தவர். குகேயின் தலைநகர் அப்பொழுது ஏறத்தாழ ஆளரவமற்றுக் கிடந்தது. தூரிகையில் மை உறையும் குளிரில் லீ கோதமி சுவரோவியங்களைப் படியெடுத்தார். செங்கோயில், வெண்கோயில் ஆகியவற்றின் பெருஞ்சிலைகளைப் படமாக்கினார்.

1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது அச்சிலைகள் நொறுக்கப்பட்டன. ஓவியங்களிற் பெரும்பகுதி தப்பியது. சுதைச் சிலைகள் தப்பவில்லை. 1409இல் சொங்கப்பா நிறுவிய கன்தன் மடாலயமும் அவ்வாண்டுகளில் இடிபாடாயிற்று. லீ கோதமியின் படங்கள் இரு தொகுதிகளாக 1979இல் வெளிவந்தபோது அவற்றிற் காணப்பட்ட புத்தர் உருவங்கள் பல உலகில் இல்லை. எஞ்சிய பீடங்களில் எவ்வுருவம் வீற்றிருந்தது என்பதை அறிய ஆய்வாளர் கெர்சியின் படங்களையும் அவருடைய படங்களையுமே நாடுகின்றனர்.

இவற்றினும் அழகிற் குறைந்தனவாயினும் பயனிற் குறையாதன ராகுல சாங்கிருத்தியாயனரின் படங்கள். களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவில் ஆசிரியராகவிருந்த இவர் 1929இல் மாறுவேடத்தில் நேபாளம் வழியாகத் திபெத்தை அடைந்தார். திரும்பிவந்து 1930இல் இலங்கையிலேயே துறவு பூண்டார். இந்தியாவில் மறைந்துபோன சமஸ்கிருத பௌத்த நூல்களின் ஏடுகள் திபெத்திய மடாலயங்களில் இருத்தல் வேண்டும் என்பது அவரது துணிபு. 1934, 1936, 1938ஆம் ஆண்டுகளில் மீண்டும் சென்று சாக்கியா, நோர், ஷலு முதலிய மடாலயங்களில் அவ்வோலைச் சுவடிகளைக் கண்டார். 1934ஆம் ஆண்டுப் பயணத்தில் உடனிருந்த திபெத்திய அறிஞர் கெந்துன் சோபெல் பின்னாளில் இலங்கையிலும் தங்கியவர்.

சுவடிகளை மடாலயத்திற்கு வெளியே கொண்டுசெல்லத் துறவியர் இசையார். எழுதிப் படியெடுக்கவோ காலம் போதாது. எனவே கருவியே துணையாயிற்று. பல ஓலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரே தகட்டில் அடக்கவேண்டியிருந்தது. பொருள் வசதியும் பயிற்சியும் குறைவாதலின் சில படங்கள் மங்கலாயின. விளிம்பிலுள்ள எழுத்துகளை வாசிக்கப் பதிப்பாசிரியர்கள் இன்றும் இடர்ப்படுகின்றனர். துறவியரின் முகமோ மலையின் பனியோ அவற்றில் இல்லை. ஆயினும் மடாலயம் எதனைக் காப்பதற்கென எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் நிலைத்திருந்ததோ அதனைக் காட்டியவை அப்படங்களே. தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்' சமஸ்கிருத மூலத்தில் மீண்டும் கற்கப்படுவதற்கு இத்தேடலே வழிவகுத்தது. அந்நூலுக்குப் பிரஞ்ஞாகரகுப்தர் இயற்றிய விரிவுரை, சாக்கியாவில் எடுத்த படங்களைக்கொண்டு ராகுலராலேயே பதிப்பிக்கப்பெற்று 1953இல் பட்னாவில் வெளிவந்தது.