மலைக் கொம்பைக் காத்த வகுப்பு



இசைக்கருவியொன்று அழிந்தொழிவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்? மரம் நூறாண்டு கிடக்கும். உலோகம் ஆயிரம் ஆண்டு கிடக்கும். ஆயின், அக்கருவியை ஒலிக்கச் செய்யும் மூச்சு ஒரு தலைமுறையோடு போய்விடும். தந்தை ஊதியதை மைந்தன் கேளாதுவிடினும், கேட்டும் கல்லாதுவிடினும், அக்கருவி நூதனசாலைச் சுவரிற் சாத்திவைக்கப்படும் வெறும் மரக்குழாய் ஆகிவிடும். சுவிற்சர்லாந்து நாட்டின் அல்ப்கொம்பு ஏறக்குறைய இந்நிலையை எய்திப் பின்னர் மீண்ட கருவியாகும். அதனை மீட்பதற்கு விழாவொன்று எடுத்தார்கள், அது போதவில்லை. பின்னர் மலையூர் ஒன்றிற் சிலரைக் கூட்டி வகுப்பு நடாத்தினார்கள். அது பயன் தந்தது. விழாவுக்கும் வகுப்புக்கும் உள்ள இவ்வேறுபாடே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். இன்று சுவிற்சர்லாந்திற் பெரிதும் வழங்கும் அல்ப்கொம்பு ஏறக்குறைய 3.4 மீற்றர் நீளமுடையது. அஃதாவது, ஓர் ஆளின் உயரத்தைப்போல் இரு மடங்கு. மலைச் சரிவிலே வளரும் ஸ்புறூஸ் என்னும் ஊசியிலை மரத்தினால் இதனைச் செய்வர். சரிவில் முளைத்த இளமரம் பனியின் பாரத்தால் அடியிலே வளைந்து, பின் ஒளியை நாடி நேராக நிமிர்ந்து வளரும். அந்த இயற்கை வளைவே கொம்பின் வாயாக அமைகின்றது. மரத்தை நீளவாட்டிற் பிளந்து, இரு பாதிகளையும் உட்குடைந்து, மீண்டும் ஒன்றாகப் பொருத்தி, மேலே சுற்றிக் கட்டுவர். கையினாற் செய்யும்போது ஒரு கொம்புக்கு 70 மணி நேர உழைப்பாயினும் வேண்டும். முற்காலத்திற் சுற்றிக் கட்டுவதற்கு மரப்பட்டையும் மிலாறும் பயன்பட்டன. இக்காலத்திற் பயன்படுவது பிரம்பு. பிரம்பு அல்ப்ஸ் மலையில் விளைவதன்று. நம் நாட்டுக் காடுகளைப் போன்ற வெப்பநாட்டுக் காடுகளிற் படர்வது. சுவிஸ் நாட்டின் தனி அடையாளம் எனப் போற்றப்படும் கருவி, கீழைத் திசையிலிருந்து சென்ற ஆடையை அணிந்து நிற்கின்றது!

இக்கொம்பிலே விரல் வைத்து மூடும் துளைகள் இல்லை. அழுத்தும் கட்டைகளும் இல்லை. நம் கோயிற் சங்கைப் போன்று, உதட்டின் அதிர்வும் மூச்சின் விசையுமே ஒலியை ஆக்குகின்றன. உதட்டை இறுக்கவும் தளர்த்தவும், நீண்ட குழாயினுள்ளே இயற்கையாக அடங்கியுள்ள சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். அவற்றுட் பதினோராவது சுரம் புதுமையானது. பியானோவின் கட்டைகளில் அதற்கு இடமில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே அது நிற்கும். பியானோவிற் பழகிய செவிக்கு அது பிழைபோலத் தோன்றும். மலைநாட்டாருக்கோ அதுவே கொம்பின் உயிர். அதற்கு ‘அல்ப்கொம்பின் ஃபா’ என்று தனிப்பெயரும் உண்டு.

இதன் தோற்றக் காலத்தை வரையறுத்துக் கூறுதல் அரிது. ஆயினும் எழுத்துச் சான்றுகள் உள. லூசேர்ன் மாகாணத்துப் புனித ஊர்பன் மடத்தின் கணக்கேட்டில், 1527ஆம் ஆண்டில், அல்ப்கொம்புடன் வந்த வலே நாட்டான் ஒருவனுக்குச் சிறு காசு கொடுத்ததாக ஒரு குறிப்புக் காணப்படுகின்றது. பின்னர், சூரிச் நகரத்துப் பேரறிஞர் கொன்றாட் கெஸ்னர், லூசேர்ன் நகருக்கு அண்மையிலுள்ள பிலாற்றஸ் மலையைப் பற்றி 1555இல் வெளியிட்ட நூலில், 11 அடி நீளமுள்ள மரக்கொம்பை விவரித்துள்ளார். சற்றே வளைந்த இரு மரத்துண்டுகளைக் குடைந்து, மிலாறுகளாற் பிணைத்துச் செய்தது என அவர் கூறுவது, இன்றைய கொம்புக்கும் பொருந்தும்.

மலை மேய்ச்சல் நிலங்களில் வாழ்ந்த இடையருக்கு இக்கொம்பு பொழுதுபோக்கு அன்று, தொழிற் கருவி. சிதறிய பசுக்களைப் பால் கறக்கும் வேளையில் அழைப்பதற்கும், மாலைப் பிரார்த்தனையை அறிவிப்பதற்கும், ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கூறுவதற்கும், ஆபத்து வந்துழி ஊரைக் கூட்டுவதற்கும் அது பயன்பட்டது. ஆயின், மலையில் வேலை கோடைக்கு மட்டுமே உண்டு. மாரியிலோ வறுமை. ஆகவே, இடையர் கொம்பைத் தோளிற் சுமந்து நகரங்களுக்கு இறங்கி, வீட்டு வாயில்களில் ஊதி இரந்தனர். ஜேர்மன் இசையறிஞர் மிக்காயேல் பிரெற்றோறியஸ் 1619இல் வெளியிட்ட இசை நூலிலேயே, நகரங்களில் திரிந்து இரக்கும் சுவிஸ் இடையரின் மரக்கொம்பு குறிக்கப்பட்டுள்ளது. மடத்துக் கணக்கேட்டின் சிறு காசும் இத்தகைய ஈகைபோலும். இவ்வாறு கொம்பு இரவலனின் அடையாளமாயிற்று. இரவலனின் கருவியைத் தன் மகனுக்குக் கற்பிக்க எந்தத் தந்தை விரும்புவான்? அதன்மேல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாற்கட்டி செய்யும் தொழில் மலைமேல் இருந்து சமவெளிக் கிராமங்களுக்கு இறங்கத் தொடங்கவே, கொம்பின் வேலையும் குறைந்தது.

கருவி தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் அதன் புகழ் வளர்ந்துகொண்டிருந்தது என்பது வரலாற்றின் விந்தை. அந்நிய நாட்டுப் படைகளிற் கூலிக்குச் சேவித்த சுவிஸ் வீரரை வாட்டிய ஊரேக்க நோய்க்கு, யோஹானெஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் எழுதிய ஆய்வில் ‘நொஸ்ரால்ஜியா’ என்று பெயரிட்டார். பசுக்களை அழைக்கும் இடையர் மெட்டைக் கேட்டவுடன் வீரர் கண்ணீர் சொரிந்து படையை விட்டோடினர் என்றும், ஆகவே அதனை இசைப்போருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது என்றும் ரூசோ தமது இசை அகராதியில் 1768இல் எழுதினார். ரூசோ கூறியது மெட்டைப் பற்றி, கொம்பைப் பற்றியன்று. இடையர் தோற்பையுடன் கூடிய குழலில் அதனை இசைத்தனர் என்பதே அவர் கூற்று. எனினும், ஆர்னிம், பிரென்டானோ என்போர் 1805இல் வெளியிடத் தொடங்கிய ஜேர்மன் நாட்டுப்பாடற் தொகுதியில், சுவிஸ் வீரனொருவனைப் படையை விட்டோடச் செய்தது அல்ப்கொம்பின் ஓசையாயிற்று. கவிஞர் கொம்பை மெட்டோடு பிணைத்துவிட்டனர்.

அதே 1805ஆம் ஆண்டு ஓகஸ்ற் 17ஆந் திகதி, இன்ரலாக்கனுக்கு அண்மையிலுள்ள உன்ஸ்புன்னன் கோட்டைச் சிதைவின் அடியில் ஒரு பெருவிழா நடைபெற்றது. பிரெஞ்சுப் படையெடுப்பினாலும் 1798 முதல் உண்டான குழப்பங்களினாலும், பேர்ண் நகரத்தாருக்கும் மேல்நாட்டு மலை மக்களுக்கும் இடையே பகைமை மூண்டிருந்தது. அதனைத் தணிக்க விரும்பிய பேர்ண் ஆட்சித் தலைவர் நிக்கிளவுஸ் வொன் மூலினன் முதலியோர், மற்போர், கல்லெறிதல், பாட்டு, கொம்பூதல் ஆகியவற்றுக்குப் போட்டி வைத்து இரு சாராரையும் ஒன்றுகூட்டினர். விழாவின் நினைவாக அடித்த பதக்கத்தில் அல்ப்கொம்பின் பெருமைக்காக என்னும் வாசகம் பொறிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பிரமுகரும் வந்து குழுமினர். ஆயின், கொம்பூதும் போட்டிக்கு வந்தவர் எத்தனைபேர்? இருவரே! எந்தக் கருவியின் பெருமைக்காக விழா எடுத்தனரோ, அக்கருவியை ஊதுவதற்கு ஆளில்லை. 1808இல் மீண்டும் விழா எடுத்தனர். எழுத்தாளர் மதாம் த ஸ்தாலும், ஓவியர் விஜே லெபுறூனும் அதனைக் காண வந்தனர். கொம்பின் நிலையோ சீர்ப்படவில்லை. விழா என்பது உள்ளதைக் காட்டும், இல்லாததை உண்டாக்காது.

இவ்வுண்மையை வொன் மூலினன் உணர்ந்தார் என்பதற்கு அவர் அடுத்துச் செய்த காரியமே சான்று. அவர் நாடியது ஓர் ஆசிரியரை. சென்காலன் நகரிற் பிறந்த பேர்டினண்ட் ஹூபர் (1791-1863) இசையமைப்பாளர். ஹொஃப்வில் என்னுமிடத்திலே கல்வியறிஞர் பெலன்பேர்க் நடாத்திய புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் இசை கற்பித்தவர். வொன் மூலினனின் வேண்டுகோளின்படி கொம்புகள் செய்விக்கப்பட்டன. 1826ஆம், 1827ஆம் ஆண்டுகளில் ஹூபர் கிறின்டெல்வால்ட் என்னும் மலையூருக்குச் சென்று, தேர்ந்தெடுத்த சிலருக்கு அல்ப்கொம்பு கற்பித்தார். வானளாவும் ஐகர் சிகரத்தின் அடியில் அமைந்தது அவ்வூர். மாணவர் தொகை சிறிது; காலமும் குறுகியது. ஆயினும், கருவி, ஆசிரியர், கற்கும் விருப்பம் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடின. எந்தப் பாடசாலைக்கும் இவற்றினும் மேலான மூலதனம் வேறில்லை.

ஹூபர் பழைமையை அவ்வாறே திருப்பிக் கொடுத்தாரா என்று ஒருவர் வினவலாம். கொடுக்கவில்லை என்பதே நேர்மையான விடை. மலைமேல் இடையன் தனியே நின்று ஊதினான்; அவனுக்கு மறுமொழி கூறியது எதிரொலி மட்டுமே. ஹூபரோ பல கொம்புகள் சேர்ந்து வெவ்வேறு குரலில் இசைக்கும் முறையைக் கற்பித்தார். பசுவை அழைத்த ஓசை, மனிதர் கேட்டு மகிழும் இசையாயிற்று. வரலாற்றாசிரியர் சிலர் இதனைக் கண்டு, சுவிற்சர்லாந்தின் அல்ப்கொம்பு மரபு 19ஆம் நூற்றாண்டிற் புனையப்பட்டது என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், கிறின்டெல்வால்டில் அக்கொம்புகள் ஒலியாதிருப்பின் பழைய முறையாயினும் எஞ்சியிருக்குமோ? மாறிப் பிழைத்ததனாலேயே, மாறாதிருந்த காலத்தைப்பற்றி நாம் இன்று பேசுகின்றோம்.

பின்னர் உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வந்தனர். நீர்வீழ்ச்சியின் அருகிலும் மலைக்கணவாயிலும் நின்று காசுக்காகக் கொம்பூதுவோர் தோன்றினர். பழைய இரத்தல் புதிய உருவில் மீண்டது எனலாம். ஆயினும், அந்த மலைகளிலேதான் இசைமேதை பிறாம்ஸ் அல்ப்கொம்பின் மெட்டொன்றைக் கேட்டார். 1868ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆந் திகதி கிளாரா சூமானுக்கு அதனை எழுதி அனுப்பினார். 1876இல் அரங்கேறிய அவரது முதலாம் சிம்பனியின் இறுதிப் பகுதியிலே, இருளைக் கிழித்துக்கொண்டு எழும் கொம்பிசை அந்த மெட்டேயாகும். ஊதியவர் பெயர் வரலாற்றில் இல்லை. அவர் மூச்சு மட்டும் உலகெங்கும் அரங்குகளில் ஒலிக்கின்றது.

1910இல் யோடெல் பாடகரின் நாடளாவிய சங்கம் பேர்ணில் நிறுவப்பட்டது. கொம்பூதுவோருக்கும் அது தாயகமாயிற்று. கொம்புகளை ஒரே சுருதிக்குச் செய்யும் வழக்கம் பரவியது. பலர் சேர்ந்து ஊத அஃது இன்றியமையாததாயிற்று. 1970இல் ஜோன் டெற்வீலர் என்பார் அல்ப்கொம்புக்கும் பெரிய இசைக்குழுவுக்குமாக ஒரு கச்சேரி இசையை அமைத்தார். 2013ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், செர்மாற் நகருக்கு மேலேயுள்ள கோர்னர்கிராற் மலையில் 508 பேர் ஒன்றுகூடி ஊதினர். இருவர் மட்டுமே வந்த உன்ஸ்புன்னன் விழாவை எண்ணிப் பாருங்கள்! இரண்டு ஐந்நூறு ஆனது விழாக்களால் அன்று. ஹூபரின் வழியில் இடையறாது நடந்த பயிற்சிகளால் ஆனது.

அப்பயிற்சிகளின் இன்றைய வடிவமே வார இறுதிப் பயிற்சிப் பட்டறை. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும், கடல் கடந்து அமெரிக்காவிலும் இவை நடைபெறுகின்றன. எழுதுவினைஞர், ஆசிரியர், தாதியர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும், பகுதிகளாகக் கழற்றி உறையில் இட்ட கொம்புகளுடன் மலையடிவார விடுதியொன்றிற் கூடுவர். புதியவர் முதலிற் கற்பது இசையன்று. நிற்கவும் மூச்சை ஆழ இழுக்கவும் உதட்டை அதிரச் செய்யவுமே கற்பர். தேர்ந்தவர் குழுக்களாகப் பிரிந்து பல குரலிசை பயில்வர். மாலையில் வெளியே புல்வெளியில் நின்று, ஒருவர் ஊத மற்றவர் செவிமடுப்பர். இரண்டாம் நாள் முடிவில் அனைவரும் ஒரே இசையைச் சேர்ந்து ஊதிவிட்டு, கொம்பைக் கழற்றி உறையிலிட்டு ஊர் திரும்புவர்.

இது நகரத்தாரின் பொழுதுபோக்கு. இடையர் மரபுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எள்ளுவோரும் உளர். அவர்களுக்கு நான் பதினோராவது சுரத்தையே விடையாகக் காட்டுவேன். வாத்தியக் கோஷ்டிகளோடு சேர்ந்து ஊதும்போது அச்சுரம் மற்றக் கருவிகளோடு முரணும். ஆகவே அதனைத் தவிர்ப்பது எளிது. தவிர்த்தே ஊதினால் ஒரு தலைமுறையில் அது மறக்கப்படும். அது பிழையன்று, கொம்பின் குரலே அது என்பதை ஏடு கற்பிக்க இயலாது. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பில் அதனைச் சரியாக எழுதவும் இயலாது. தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்கு அருகில் நின்று ஊதிக் காட்டவேண்டும்; கற்பவர் தம் செவியின் பழக்கத்தைச் சற்றே நெகிழவிட வேண்டும். அந்த ஒரு சுரம் கைமாறும்வரை, ஊதுபவர் பசு மேய்ப்பவராயினும் பணிமனையில் இருப்பவராயினும், மரபு உயிருடன் உள்ளதென்றே கொள்ளவேண்டும்.

தம் பழங்கலைகளுக்கு விழா எடுக்காத நாடு எதுவுமில்லை. பதக்கம் அடிப்பதும், பிரமுகரை அழைப்பதும், மேடை அலங்கரிப்பதும் எங்கும் நடப்பவை. அவை வேண்டாவெனக் கூறேன். ஆயின், விழா முடிந்த மறுநாட் காலையில், அக்கலையைக் கற்க எத்தனை பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர், அவர்கள் முன் ஓர் ஆசிரியர் உள்ளாரா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். உன்ஸ்புன்னனிற் குழுமிய பெருங்கூட்டம் கலைந்துபோயிற்று. கிறின்டெல்வால்டிற் கூடிய சிறு வகுப்போ இன்னும் கலையவில்லை.