கால்விரல் தோல் தடிப்பு

கால்விரலின் மேல், பக்கம், அடி, இடுக்கு ஆகிய இடங்களில் புறத்தோல் தடித்து மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும் நிலை. பரந்து தடித்ததைக் காய்ப்பு என்றும், நடுவில் கூர்ந்து உள்ளே குத்துவதைக் கால் ஆணி என்றும் சொல்வர்.

புறத்தோலின் அடியில் உண்டாகும் கலம் கெரட்டின் நிறைந்த செதிளாகி மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 வாரம் செல்லும். அழுத்தமும் உராய்வும் ஓயாத இடத்தில் கலங்கள் விரைந்து பெருகும். செதிள் உதிராமல் அடுக்கடுக்காகத் தங்கிவிடும்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் அழுத்தத்துக்குக் குறைவில்லை. நெடுந்தீவில் வேலிகூட முருகைக்கல் அடுக்கியது. முருகைக்கல் நிறைந்த அந்தத் தரையில் வெறுங்காலோடு நடந்த பாதம் காய்க்காமல் இராது. தளைநார் மாட்டிப் பனை ஏறும் சீவல் தொழிலாளியின் கால், நார் பட்ட இடத்திலும் மரம் உரசிய இடத்திலும் காய்க்கும். பாட்டா எனும் வார்ச்செருப்புப் போடுபவருக்குப் பெருவிரல் இடுக்கில் வார் உரசும். சம்மணமிட்டே வேலை செய்பவருக்குத் தடிப்பு கணுக்காலின் வெளிப்புறத்தில் தோன்றும். ஈரம் காயாத கால்களில், சிறுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் நடுவே வெளுத்த மெல்லாணி உண்டாவதுண்டு. இதைச் சேற்றுப்புண் என்று தவறாக எண்ணி மருந்து பூசுவோர் உளர்.

ஆகவே, காரணம் தெரியாத தடிப்பு என்று வருவதில் முதலில் பார்க்கவேண்டியது அது இருக்கும் இடத்தையும் ஆளின் தொழிலையும்தான். இரண்டும் பொருந்தாதபோதே வேறு நோயைத் தேடவேண்டும். வைரசால் வரும் பாத மரு ஆணியைப் போலவே தோன்றும். ஆனால் அதன்மேல் தோல்ரேகை ஓடாது; சீவினால் கரும்புள்ளிகள் தெரியும்; நேரே அழுத்துவதைவிடப் பக்கவாட்டில் கிள்ளினால் கூடுதலாக வலிக்கும். நகமும் சேர்ந்து தடித்து மாவாக உதிர்ந்தால் பூஞ்சணத் தொற்றை ஐயுறலாம். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெளியும். சிறுவயது முதல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒருசேரத் தடித்திருந்தால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். சொரியாசிசும் இவ்வாறு தோன்றும்.

வலிக்காத தடிப்பே அஞ்சத்தக்கது. நீரிழிவிலும் தொழுநோயிலும் நரம்பு கெட்டு உணர்வு மங்குவதால் காய்ப்பின் அடியில் புண் உண்டானாலும் தெரியாது. தொழுநோயாளரின் பாதப்புண்ணுக்கு, உணர்வற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே முதற்காரணம் என்று வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். மென்ரப்பர்ச் செருப்பு மருத்துவத்துக்குள் வந்தது அந்த வழியில்தான். இலங்கை 1995இல் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியபோதிலும் புதிய நோயாளர் இன்னும் பதிவாகின்றனர்.

சாதாரணக் காய்ப்புக்கு வெந்நீரில் ஊறவைத்து உரசுதல், யூரியாக் களிம்பு, செருப்பை மாற்றுதல் ஆகியவை போதும். ஆணிக்குச் சாலிசிலிக் அமில ஒட்டு உண்டு. பழைய செருப்பையே போட்டால் ஆணியும் திரும்ப வரும். நீரிழிவு உள்ளவர் ஒட்டையும் பிளேட்டையும் தொடலாகாது. நெடுந்தீவில் இருப்பவர் புண் ஆழமானபின் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் முதலில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு கிடைக்கவேண்டும்.