பிள்ளையின் அறிவுக்கு எண் இட்ட வரலாறு



"இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது." புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் இச்சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர் மிகக் குறைவு. இன்று அதையே சற்று நாகரிகமாக, "நுண்ணறிவு ஈவு குறைவு" என்கிறோம். சொல் மாறியதே தவிரத் தீர்ப்பு மாறவில்லை. அறிவை எண்ணால் அளக்கும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? அதை வளர்த்த அறிஞர் சங்கங்கள் என்ன செய்தன? பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

ஆசிரியர்களும் இருந்த ஒரு சங்கம்

1899ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் குழந்தைகளின் உளவியலை ஆராய ஒரு சங்கம் தோன்றியது. பேராசிரியர்களோடு பள்ளி ஆசிரியர்களும் அதில் உறுப்பினராக இருந்தனர் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அதன் தலைமைப் பொறுப்பைப் பின்னர் ஏற்றவர் ஆல்பிரட் பினே. வகுப்போடு ஒட்டிச் செல்ல இயலாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று அச்சங்கம் அரசிடம் வலியுறுத்தியது. அதன் விளைவாக 1904இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணையம் அமைத்தது. பினேயும் அதில் இடம்பெற்றார்.

எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவை என்பதை ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு விட்டுவிடாமல் கண்டறிய வேண்டியிருந்தது. அதற்காகப் பினேயும் சைமனும் 1905இல் 30 வினாக்களும் செயல்களும் கொண்ட சோதனையை வெளியிட்டனர். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிவதே அதன் நோக்கம். பிறவி அறிவை அளந்து முத்திரை குத்துவதன்று. அறிவு வளராத ஒன்று என்ற கருத்தைப் பினே வன்மையாக மறுத்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கப் பயிற்சிகளையும் பரிந்துரைத்தார். சிலைபோல் சிறிது நேரம் அசையாது நிற்பது அவற்றுள் ஒன்று. இன்று நாம் குறைநீக்கல் போதனை என்று சொல்வதன் முன்னோடி இதுவே எனலாம்.

எண் பிறந்தது

1911இல் தம் 54ஆம் வயதில் பினே மறைந்தார். மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். 1916இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன், அந்த ஈவை 100ஆல் பெருக்கி வழங்கும் தம் சோதனையை வெளியிட்டார். பத்து வயதுப் பிள்ளை எட்டு வயதுக்குரிய வினாக்களை மட்டுமே செய்தால் அதன் ஈவு 80. கணக்கு எளிது, ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருந்தது. உதவிக்கு வழிகாட்ட வந்த சோதனை, பிள்ளையின் நெற்றியில் ஒட்டப்படும் எண்ணாக மாறியது.

அமெரிக்க உளவியல் சங்கம் 1892இல் தொடங்கப்பட்டது. 1917இல் அதன் தலைவராக இருந்த ராபர்ட் யெர்க்ஸ், முதல் உலகப் போரின்போது இராணுவத்தினரைச் சோதிக்கும் பணியை முன்னின்று நடத்தினார். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். அமெரிக்க வாழ்க்கையில் பழகியவருக்கே விடை தெரியும் வினாக்கள் பல அதில் இருந்தன. புதிதாகக் குடியேறியவர்கள் இயல்பாகவே பின்தங்கினர். அவ்விவரங்களைக் கொண்டு கார்ல் பிரிகாம் என்பவர் 1923இல் சில இனத்தவர் அறிவில் தாழ்ந்தவர் என்று நூல் எழுதினார். 1930இல் தம் முடிவுகளுக்கு அடிப்படையில்லை என்று அவரே அறிவித்தார். ஆனால், 1924இலேயே குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கு வந்துவிட்டது.

இங்கிலாந்தும் நம் மலாயாவும்

பிரிட்டிஷ் உளவியல் சங்கம் 1901இல் இலண்டனில் தோன்றியது. பிற்காலத்தில் அதன் தலைவராகவும் இருந்தவர் சிரில் பர்ட். அறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது என்பது அவர் கொள்கை. இவ்வகைக் கருத்துகள் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின், 11 வயதுத் தேர்வு இங்கிலாந்துப் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பியது.

மலாயாவிலும் ஆறாம் ஆண்டு முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று நடைமுறையில் இருந்தது. தோல்வியுற்ற பிள்ளைக்கு அரசு இடைநிலைப்பள்ளியின் கதவு மூடப்பட்டது. 1964இல் அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் இடைநிலைக் கல்வி எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் பள்ளியை விட்டுப் பால்மரக் காட்டுக்குச் சென்ற தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அறிவில்லை என்று எவரும் நிறுவவில்லை. ஒருநாள் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, அவ்வளவே. விடியற்காலையில் தாய்தந்தையர் மரம் வெட்டப் போனபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்ட பிள்ளையின் திறமையை அளக்க அத்தேர்வில் வினா ஏதும் இல்லை.

இனி பர்ட்டுக்கு வருவோம். அவர் 1971இல் காலமானார். பிரிந்து வளர்ந்த இரட்டையர் பற்றிய அவரது ஆய்வை லியோன் கேமின் என்ற அமெரிக்க உளவியலாளர் கூர்ந்து நோக்கினார். இரட்டையர் எண்ணிக்கை 21 இணையிலிருந்து 53 இணையாக உயர்ந்தும், ஒப்புமை அளவு 0.771 என்றே மாறாமல் இருந்தது. இது இயல்பானதன்று. பர்ட்டின் வரலாற்றை 1979இல் எழுதிய ஹெர்ன்ஷாவும் தரவுகள் புனையப்பட்டவை என்றே முடிவு செய்தார். 1980இல் பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அதனை ஏற்றது. சிலர் பர்ட்டுக்காக வாதிட்டதால், 1992இல் அச்சங்கம் இவ்விவகாரத்தில் தனக்கென நிலைப்பாடு இல்லை என்றது. அறிஞர் சங்கமும் தயங்கும், தடுமாறும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் வேறொரு பாதை

1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் உளவியல் துறை தொடங்கியது. 1922இல் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். சிக்மண்ட் பிராய்டுடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், வியன்னாவிலிருந்து வந்ததை அப்படியே விழுங்கவில்லை. தம் நோயாளிகளிடம் கண்டவை மாறுபட்டபோது அதைப் பிராய்டுக்கே எழுதினார். அச்சங்கம் 1940இல் கல்கத்தாவில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையைத் தொடங்கியது. தென்னாட்டில் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924இலும், சென்னைப் பல்கலைக்கழகம் ஜி.டி. போவாஸ் தலைமையில் 1943இலும் உளவியல் துறையைக் கண்டன. வெளியிலிருந்து வரும் கருத்தை நம் மக்களின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது போஸ் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

காலம் கடந்த வருத்தம்

1968இல் அமெரிக்கக் கறுப்பின உளவியலாளர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். கறுப்பினப் பிள்ளைகள் மீது இத்தகைய சோதனைகளை நடத்துவதை நிறுத்துமாறு கோரினர். அதே ஆண்டில் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். குலுக்கல் முறையில் எடுத்த சில பெயர்களை, "இவர்கள் விரைவில் முன்னேறுவர்" என்று ஆசிரியர்களிடம் கூறினர். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறினர். அம்முன்னேற்றத்தின் அளவு குறித்து அறிஞரிடையே விவாதம் உண்டு. எனினும், ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடும் என்பதை வகுப்பறையில் நிற்கும் நாம் அறிவோம்.

2021 அக்டோபரில் அமெரிக்க உளவியல் சங்கம் இனவாதத்திற்குத் துணைபோன தன் வரலாற்றுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. சங்கம் தோன்றி 129 ஆண்டுகள் ஆகியிருந்தன. தவறான முத்திரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மன்னிப்பு எட்டியிருக்குமா?

நம் கடமை

சோதனைகள் வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. முறையாகப் பயின்ற உளவியலாளர் நடத்தும் சோதனை, எழுத்துகளை அடையாளம் காணத் திணறும் பிள்ளைக்கு உரிய உதவியைப் பெற்றுத் தரும். பினே விரும்பியதும் அதுவே. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் உள்ளது. பதிவுபெற்ற ஆலோசகரை நாடுவதில் வெட்கமில்லை.

பெற்றோர்களே, பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ ஓர் அறிக்கை கைக்கு வந்தால், "எண் எவ்வளவு?" என்பதோடு நில்லாதீர்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது, பிள்ளைக்கு அம்மொழி எவ்வளவு தெரியும், அடுத்து என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களே, ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் நாம் சொல்லும் ஒரு சொல், அடுத்த ஆண்டு வகுப்பாசிரியரின் காதிலும் விழுகிறது. அறிஞர் சங்கங்கள் தம் சொல்லைத் திரும்பப் பெறப் பல்லாண்டுகள் ஆயின. நம் சொல்லை நாம் இன்றே திருத்திக்கொள்ளலாம்.